காய்ந்ததுபோல் தெரிந்த வீடு: வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஒரு தண்ணீர்ச் சேதம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கை ஒன்றில் ஆறு மாடிக் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் 1,050 சதுர அடி வீடு. குசினி, ஹோல், இரண்டு படுக்கையறை, கடல் பக்கம் ஒரு பல்கனி. ஹோலிலும் குசினியிலும் டைல், முன் படுக்கையறையில் லெமினேட் பலகைத் தளம். குசினிக்கும் அந்தப் படுக்கையறைக்கும் இடையில் 4 அங்குல சீமெந்துக் கல் சுவர். மாதம் ஒக்டோபர், இடைப் பருவ மழை தொடங்கியிருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையாக இதை வாசிக்க வேண்டாம். இப்படியான கட்டடங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே வீட்டின்மேல் வைத்துக் கணக்குப் பார்த்த மாதிரி நிகழ்வு இது. அளவீடுகளும் நாட்களும் அந்தக் கணக்குக்குரியவை.

தண்ணீர் வந்த வழி

காலை 8.15க்கு வீட்டில் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். பிற்பகல் 1.45க்குக் கீழ்வீட்டு அம்மா தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, எங்கட சீலிங்கால தண்ணி ஒழுகுது, லைட்டும் மினுங்கி மினுங்கி எரியுது." கதவைத் திறந்தபோது ஹோலில் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர். சிங்கின் கீழே அங்கிள் வால்விலிருந்து (சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வு) குழாய்க்குப் போகும் பின்னல் ஹோஸ் நட்டுக்கு அருகே வெடித்திருந்தது.

எவ்வளவு தண்ணீர் வந்தது என்று குத்துமதிப்பாகச் சொல்லத் தேவையில்லை. வெடித்த ஹோஸின் முனையை ஒரு வாளிக்குள் விட்டு வால்வை முழுதாகத் திறந்தால் 10 லீற்றர் வாளி 50 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 12 லீற்றர். ஐந்தரை மணி நேரமும் ஓடியிருந்தால் ஏறக்குறைய 3,960 லீற்றர். அதாவது, 1,000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கிகள் நான்கை வீட்டுக்குள் கவிழ்த்ததற்குச் சமம். பெரும்பகுதி பல்கனித் துளையாலும் வாசற்படியைத் தாண்டிப் படிக்கட்டாலும் போய்விட்டது. குளியலறை நிலத்தில் தண்ணீர் போக வழி இருக்கும். குசினி நிலத்தில் இங்கே பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் சிங்கின் கீழே வெடிக்கும் ஹோஸ் குளியலறையில் வெடிப்பதைவிடப் பல மடங்கு சேதம் செய்கிறது.

ஹோஸ் ஏன் வெடித்தது? வெளிப்பின்னல் துருவேறாத உருக்கு என்று பெயர். ஆனால் குளோரைட் அந்த உருக்குக்கும் எமன். கடலுக்கு 200 மீற்றருக்குள் இருக்கும் வீட்டில் உப்புக்காற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதே சிங்கின் கீழே மூடி சரியாக இறுகாத ப்ளீச் போத்தல். மூடிய அலுமாரிக்குள் அதன் ஆவி மாதக்கணக்காகப் பின்னலைத் தின்னும். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, உள்ளே இருக்கும் இறப்பர் குழாய் அமுக்கத்தைத் தனியே தாங்க முடியாமல் ஊதி வெடிக்கும். நட்டை ஸ்பேனரால் அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும்.

முதல் எட்டு நாட்கள்

முதல் அரை மணி நேரத்தில் செய்தவை பெரும்பாலும் சரி. வால்வை மூடினார்கள். தும்புத்தடியாலும் இறப்பர் வைப்பராலும் தண்ணீரைப் பல்கனிப் பக்கம் தள்ளினார்கள். கட்டில் கால்களின் கீழே பிளாஸ்டிக் மூடிகளை வைத்தார்கள். (இதைச் செய்யாவிட்டால் இரும்புக் கட்டில் டைலில் துருக்கறை விடும், தேக்குக் கட்டில் தன் சாயத்தை இறக்கும். இரண்டும் பிறகு போகாது.)

ஒன்றே ஒன்று ஆபத்தான பிழை. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. அதை நான்கு முறை மேலே தூக்கிப் பார்த்தார்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுவதற்குத்தான் அது இருக்கிறது. அது விழுந்தால் எங்கோ ஒரு கம்பியைத் தண்ணீர் தொட்டுவிட்டது என்று பொருள். செய்ய வேண்டியது வேறு: பிரதான சுவிட்சைக் கீழே இறக்கி, எல்லா எம்.சி.பி.களையும் (ஒவ்வொரு மின்சுற்றுக்குமான சிறு சுவிட்சுகள்) இறக்கி, பிளக்குகளைக் கழற்றி, பிறகு மேலே இருக்கும் லைட் சுற்றை மட்டும் போட்டுப் பார்ப்பது. மின்பெட்டிக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதையும் செய்யாமல் வெளியே வந்து, கட்டடத்தின் மீற்றர் அறையில் நிறுத்த வேண்டும்.

கீழ்வீட்டில் லைட் மினுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. கொங்கிறீற் தட்டுக்குள் புதைத்த மின்குழாய்கள் தண்ணீருக்கு நல்ல வாய்க்கால். மேல்வீட்டு நிலத்தில் நுழைந்த தண்ணீர் தட்டின் வெடிப்பைத் தேடிப் போவதில்லை. அந்தக் குழாய் வழியாக நேரே கீழ்வீட்டு லைட் பெட்டியில் இறங்குகிறது. சீலிங் ஒழுகும்போது முதலில் அந்த அறையின் லைட் சுற்றை நிறுத்த வேண்டும். ஜிப்சம் சீலிங் வயிறு தள்ளி நின்றால், மிகத் தாழ்ந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் ஒரு துளை போட்டுக் கீழே வாளி வைக்க வேண்டும். மேலே 20 லீற்றர் நின்றால் அது 20 கிலோ பாரம். துளை போட மனமில்லாமல் விட்டால் பலகை முழுதாக விழும்.

அன்று மாலைக்குள் நிலம் கைக்குக் காய்ந்துவிட்டது. யன்னல்கள் எல்லாம் திறந்து, மூன்று மின்விசிறி. அடுத்த எட்டு நாளும் அப்படியே. ஏசி போடவில்லை, "கடற்காற்று நல்லா அடிக்குது" என்பதால். ஒன்பதாம் நாள் முன் படுக்கையறையில் பழைய நூலக வாடை. குசினி அலுமாரியின் கீழ்ப்பலகை ஊதி, கதவு மூடவில்லை. லெமினேட் பலகைகளின் பொருத்துக்கள் விரல் தடவினால் தட்டுப்பட்டன. கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் வளையம் ஒன்று, ஒவ்வொரு நாளும் சற்றுப் பெரிதாகிக்கொண்டு.

கடற்காற்று ஏன் காயவைக்கவில்லை

யன்னலைத் திறந்தது முதல் நாளில் பிழையல்ல. நிலத்தில் வெளிப்படையாகத் தண்ணீர் கிடக்கும்போது எந்தக் காற்றும் அதைக் கொண்டு போகும். மேற்பரப்பு காய்ந்த பிறகு விஷயம் மாறுகிறது. சுவருக்குள்ளும் பலகைக்குள்ளும் இருக்கும் ஈரம், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனோடு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். கொழும்பில் ஒக்டோபரில் பகலில் 75 முதல் 80 சதவீதம், விடியப்புறம் 90ஐத் தொடும். பூஞ்சணம் வளர ஒரு பொருளின் மேற்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீத ஈரப்பதன் போதும். ஆக, யன்னலைத் திறந்து வைத்து மழைக்காலத்தில் ஒரு சுவரைப் பூஞ்சணத்துக்குக் கீழான நிலைக்குக் கொண்டுவர முடியாது. பகலில் கொஞ்சம் போகும். இரவில் திரும்பி வரும்.

எண்ணாகப் பார்த்தால்: 30 பாகை, 80 சதவீதத்தில் வெளிக்காற்றின் ஒரு கனமீற்றருக்குள் ஏறக்குறைய 24 கிராம் நீராவி. 26 பாகை, 55 சதவீதத்தில் வைத்த அறைக்காற்றில் 13 கிராம் சொச்சம். நனைந்த பகுதி 50 சதுர மீற்றர், கூரை உயரம் 2.75 மீற்றர் என்றால் 137 கனமீற்றர் காற்று. அந்தக் காற்று ஒரு முறை முழுதாக மாறினால் ஒன்றரை லீற்றர் தண்ணீரை வீட்டுக்குள் அழைத்து வந்ததற்குச் சமம். கடற்காற்று அடிக்கும் வீட்டில் ஒரு மணி நேரத்தில் பல முறை மாறும்.

இன்னொன்று: உப்பு. சோடியம் குளோரைட் 75 சதவீத ஈரப்பதனுக்கு மேலே காற்றிலிருந்து தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலோர வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் உப்பு ஏறியிருந்தால், எங்கும் ஒழுக்கு இல்லாமலே மழை நாட்களில் அந்தச் சுவர் வியர்க்கும். ஒழுக்கைத் தேடி டைலை உடைப்பதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள்: ஈரம் எங்கே இருக்கிறது

முள் வகை ஈரமானி ஒன்று, காற்றின் ஈரப்பதன் காட்டும் சிறு மானி இரண்டு, ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று. ஆய்வுக்கு இவ்வளவுதான் கருவி.

ஈரமானி மரத்துக்கென அளவிடப்பட்டது; சாந்துப் பூச்சில் அது காட்டும் எண் உண்மையான சதவீதம் அல்ல. ஆகவே நனையாத பின் படுக்கையறைச் சுவரில் முதலில் குத்தி, அந்த எண்ணை அடிப்படையாக எடுக்க வேண்டும். இங்கே அது 11. குசினி இடைச்சுவரில் நிலத்திலிருந்து 10 சென்ரிமீற்றரில் 28, அரை மீற்றரில் 19, ஒரு மீற்றரில் 11. சுவர் அரை மீற்றருக்கு மேலே வரை தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. வெளியே நின்ற தண்ணீரோ கணுக்கால் அளவுதான். உப்பேறிய சுவரில் இந்த மானி பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பதால் ஒரே இடங்களில் பென்சிலால் குறியிட்டு, நாளுக்கு ஒரு முறை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன்.

குற்றியால் டைல்களைத் தட்டியதில் ஹோலில் ஏழு டைல் கலகலத்தன. நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்தை அப்பி வைத்து அமுக்கிய டைலின் கீழே வெற்றிடம் இருக்கும். தண்ணீர் கிரவுட் கோட்டால் (டைல்களுக்கு இடையில் பூசும் சாந்து) மெல்ல இறங்கி அந்த வெற்றிடத்தில் தங்கிவிடும், மேலே பளபளவென்று காய்ந்திருக்கும்போதே. டைலின் கீழேயுள்ள சாந்துப் படை 4 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 50 சதுர மீற்றருக்கு 2 கனமீற்றர். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்றாலும் 100 லீற்றர். வால்வை மூடி ஒன்பது நாளுக்குப் பிறகும் கீழ்வீட்டு வளையம் பெருத்தது இதனால்தான்.

சுவர்க்கற்கள் பொள்ளலானவை. இது பலர் நினையாத இடம். கீழ் வரிசைக் கல்லின் குழிகள் சாடி போல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருபுறமும் சீமெந்துப் பூச்சு, புட்டி, எமல்ஷன். மூடிய சாடி.

கழற்றியவை

காயவைக்கும் முன் கழற்ற வேண்டியதைக் கழற்றாவிட்டால், மாதக் கணக்கில் ஏசி ஓடினாலும் பயன் இல்லை.

குசினி அலுமாரியின் அடிப்பலகையைக் கழற்றியபோது பின்னால் இரண்டு சதுர மீற்றர் சுவர் கறுத்திருந்தது. 18 மில்லிமீற்றர் சிப்போர்ட் (மரத்துண்டுகளைப் பசையால் அழுத்திய பலகை) 23 ஆக ஊதியிருந்தது. சிப்போர்ட், எம்.டி.எஃப் இரண்டும் ஊதினால் ஊதியதுதான். காய்ந்த பின் சுருங்காது, ஸ்குரூ பிடிக்காது. கீழ்ப் பெட்டிகள் நான்கும் போயின. மேல்பெட்டிகளும் கதவுகளும் தப்பின. லெமினேட் தளத்தைச் சுவரோரப் பட்டியிலிருந்து தொடங்கி வரிசையாகக் கழற்றினார்கள். கீழேயிருந்த நுரைவிரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அந்த அறையில் மேலே ஓடிய மின்விசிறிகளுக்கு அந்தத் தண்ணீரோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்காது.

இடைச்சுவரில் டைல் ஸ்கேர்ட்டிங்கை (சுவரடிப் பட்டி) கழற்றி, நிலத்துக்கு 5 சென்ரிமீற்றர் மேலே 10 மில்லிமீற்றர்த் துளைகள் போட்டார்கள். 40 சென்ரிமீற்றர்க் கல்லுக்கு இரண்டு குழி, ஆகவே 20 சென்ரிமீற்றருக்கு ஒன்று, 3.2 மீற்றர்ச் சுவருக்கு 16 துளை. சொக்கட்டுக்கு நேர் கீழும் மேலும் துளைக்கக் கூடாது, மின்குழாய் அங்கேதான் ஓடும். மின்சாரத்தை நிறுத்தி, பற்றரி ட்ரில்லால் செய்ய வேண்டும். ஐந்து துளைகளில் தண்ணீர் ஓடி வந்தது. ஒன்பது நாள் கழித்து.

கலகலத்த டைல்களில் இரண்டைத் தூக்கினார்கள், மற்ற ஐந்தைச் சுற்றிக் கிரவுட்டை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். எல்லாவற்றையும் உடைக்க மேசன் பாஸ் ஆசைப்படுவார். பொறுக்கலாம்: காய்ந்த பின்னும் கலகலக்கும் டைல் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடலாம்.

பூஞ்சணம்

அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் வீட்டுக்காரரே செய்யலாம் என்று சொல்லும் எல்லை ஏறக்குறைய 10 சதுர அடி. இங்கே அதற்கு இரட்டிப்பு. ஆகவே குசினி வாசலைப் பொலித்தீனால் மூடி, யன்னலில் வெளியே ஊதும்படி ஒரு மின்விசிறி, என்95 முகக்கவசம், கையுறை, காற்றோட்டத் துளை இல்லாத கண்ணாடி. ஏசி அந்த நேரம் நிறுத்தம். இல்லாவிட்டால் வித்துக்கள் அதன் வடிகட்டிக்குள் போய்க் குடியிருக்கும்.

உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைக்கவோ தும்புத்தடி போடவோ கூடாது. தெளிப்பானால் நனைத்து, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ப்ளீச். போத்தலில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றிருந்தால் 1 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லிலீற்றர். ஊதியிருந்த புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டதால் கீழே நல்ல சீமெந்துப் பூச்சு. அதில் இது பிடிக்கும். பலகைக்கும் துணிக்கும் ப்ளீச் உதவாது: குளோரின் மேலேயே தீர்ந்துவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு ப்ளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குசினியில் அது மருத்துவமனைக்கான வழி.

மெத்தைகளில் ஒன்று அடியில் நனைந்து ஒன்பது நாள் அப்படியே கிடந்தது. குழாய்த் தண்ணீர் என்பதால் முதல் நாளே தூக்கி நிறுத்திக் காயவைத்திருந்தால் காப்பாற்றலாம். முதல் நாள் பின்னேரத் தண்ணீரும் ஒன்பதாம் நாள் தண்ணீரும் ஒன்றல்ல. நின்ற தண்ணீர் நாளுக்கு நாள் அழுக்குத் தண்ணீராகிறது. மெத்தை போயிற்று.

சாமி அறைப் படங்கள் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் புகுந்த படத்தைச் சட்டத்தோடு வைத்துக் காயவிட்டால் கடதாசி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பின்பலகையைக் கழற்றி, படத்தை மெல்ல இழுத்து, முகம் மேலாகத் துணியில் வைக்க வேண்டும். ஒட்டிவிட்டால் பலவந்தம் வேண்டாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவை கட்டாக நனைந்திருந்தால், 48 மணி நேரத்துக்குள் பிரிக்க நேரமில்லை என்றால், பொலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பூஞ்சணம் நிற்கும், ஆறுதலாக ஒவ்வொரு தாளாக எடுக்கலாம்.

பதினான்கு நாள் காயவைப்பு

யன்னல்கள் மூடல். ஹோலில் 18,000 பி.ரி.யூ. ஏசி, முன் அறையில் 12,000. இரண்டும் ட்ரை நிலையில், 26 பாகை. குசினி வாசலில் வாடகைக்கு எடுத்த ஈரநீக்கி. இரண்டு பெடஸ்டல் ஃபேன் சுவருக்கு நேராக அல்ல, சுவரை உரசிக்கொண்டு போகும்படி சரித்து. 18 பாகைக்கு இறக்குவது பலர் செய்யும் பிழை. குளிர்ந்த சுவரிலிருந்து ஈரம் மெதுவாகவே ஆவியாகும். வழமையான கூல் நிலையில் அறை குளிர்ந்ததும் கொம்பிரசர் நின்றுவிடும்; உள்விசிறி மட்டும் சுற்றி, சுருளில் தொங்கும் தண்ணீரைத் திரும்ப அறைக்குள் ஊதும்.

ஈரநீக்கியின் பெட்டியில் "நாளுக்கு 30 லீற்றர்" என்றிருக்கும். அது 30 பாகை, 80 சதவீதத்தில் சோதித்த எண். அறை 60 சதவீதத்துக்கு வந்தபின் ஏறக்குறைய பாதிதான் எடுக்கும். பழுதாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம்.

ஏசி வடிகுழாய்களையும் ஈரநீக்கிக் குழாயையும் கான்களுக்குள் விட்டு ஒவ்வொரு காலையும் அளந்தார்கள். முதல் நாள் 16 லீற்றர், இரண்டாம் நாள் 15, ஐந்தாம் நாள் 10, எட்டாம் நாள் 7, பதினோராம் நாள் 5, பதினான்காம் நாள் மூன்றரை. மொத்தம் 118 லீற்றர் சொச்சம். காய்ந்த வீட்டிலும் கதவிடுக்கால் வரும் காற்றும் ஆட்களின் மூச்சும் சேர்ந்து நாளுக்கு 3 லீற்றர் போல் தரும். அதைக் கழித்தால் 75 லீற்றர் அளவு சுவரிலும் நிலத்திலும் இருந்து வந்தது. நாளாந்த அளவு 3க்கு அருகில் தட்டையானதும் எளிதாகப் போகும் ஈரம் முடிந்தது என்று அறியலாம்.

கான்களை நாள்தோறும் ஊற்றிவிட வேண்டும். ஏசித் தண்ணீர் ஒரு வாரம் திறந்து நின்றால் டெங்கு நுளம்புக்கு அது போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது ஈரமானியைக் காட்டி விளக்கம் சொல்ல முடியாது.

அந்த நாட்களில் றைஸ் குக்கர் பல்கனிக்குப் போனது. உடுப்பு உள்ளே காயப்போடவில்லை. மின்கட்டணம் ஏறும்: 500 வாட் ஈரநீக்கி முழு நாளும் ஓடினால் 12 அலகு, 14 நாளுக்கு 168. ஏசிகளையும் சேர்த்தால் அந்த மாதம் 180 அலகைத் தாண்டிய மேல்தட்டில்தான். புதிதாக இன்னொரு தடவை அலுமாரி செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறியது.

இடைச்சுவரில் 10 சென்ரிமீற்றர்ப் புள்ளி 28இலிருந்து 21, 17, 14 என்று இறங்கி, பதினான்காம் நாள் 13இல் நின்றது. நனையாத சுவரின் 11ஐவிட இரண்டுக்குள் வந்தால் இயந்திரங்களை நிறுத்தலாம். கொழும்பில் அதற்குக் கீழே இறக்க முயல்வது வீண். 80 சதவீதக் காற்றில் நல்ல மரமே 15, 16 சதவீத ஈரத்தில்தான் இருக்கும். ஐரோப்பிய நூல் சொல்லும் 12 சதவீதத்தை இங்கே எதிர்பார்த்தால் இயந்திரம் ஒருநாளும் நிற்காது.

டைல் தூக்கிய இடத்தில் கொங்கிறீற்றுக்கு வேறு சோதனை: 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட வேண்டும். கீழே வியர்த்திருந்தால் அல்லது நிறம் கறுத்திருந்தால் இன்னும் இல்லை. பளபளக்கும் டைலின்மேல் இதைச் செய்வதில் பொருள் இல்லை. டைல் ஈரத்தை விடாது.

மின்சுற்றுக்களை எலக்ட்ரீசியன் 500 வோல்ட் மெகரால் (கம்பிகளின் மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்தார். சோதனைக்கு முன் எல்லா உபகரணமும் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் மின்னணுப் பலகை போகும். குசினிச் சுற்று முதலில் 0.15 மெகா ஓம், பதினான்காம் நாள் 40. குறைந்தது 1 வேண்டும். தண்ணீர் பட்ட இரண்டு சொக்கட்டுகளின் உள்ளே செம்பு பச்சையேறியிருந்ததால் அவை மாற்றப்பட்டன.

களனி ஆற்றுத் தண்ணீராக இருந்திருந்தால்

2016 மே மாதத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் ஏறியது போன்ற ஆற்றுத் தண்ணீருக்கு மேலே சொன்ன ஒழுங்கு பொருந்தாது. அது மலக்குழித் தண்ணீரும் கலந்தது. சீரமைப்புத் துறை பின்பற்றும் அமெரிக்க எஸ்500 நியமத்தில் அது மூன்றாம் வகை, மிக மோசமானது. அங்கே காயவைப்பதற்கு முன் கழுவல். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளி, சவர்க்காரம், பிறகு கிருமிநீக்கம். மெத்தை, சிப்போர்ட், ஜிப்சம் பலகை எதையும் காப்பாற்ற முயலக் கூடாது; ஜிப்சம் சுவரைத் தண்ணீர் ஏறிய கோட்டுக்கு 30 சென்ரிமீற்றர் மேலே வெட்டி எடுக்க வேண்டும். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியால் வரும். தடுப்பு மருந்து தேவையா என்பதைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்க வேண்டும்; மருந்துக்கடையில் தானாக வாங்கும் விஷயம் அல்ல.

திரும்பக் கட்டியது

இயந்திரங்கள் நின்ற மூன்றாம் வாரத்தில் இடைச்சுவரின் அடியில் வெள்ளைத் தூள் பூத்தது. சாந்துக்குள் இருந்த உப்பு, ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் போனதும் தங்கிவிட்டது. அதைக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, தூளை அள்ளி எடுக்க வேண்டும், பூப்பது நிற்கும் வரை. பெயின்டர் முதல் வாரத்திலேயே வந்து நின்றார், திருப்பி அனுப்பப்பட்டார். அவசரமாகப் புட்டி வைத்து எமல்ஷன் அடித்திருந்தால் இந்தத் தூள் பெயின்டின் கீழே பூத்து, கொப்புளம் கொப்புளமாக உதிர்ந்திருக்கும். மழைக்குப் பிந்திய கொழும்பு வீடுகளில் சுவரின் அடியில் காணும் உதிர்வுக்குப் பல நேரம் காரணம் ஒழுக்கல்ல, அவசரம்.

ஆறாம் வாரம் காரத்தைத் தாங்கும் பிரைமர், சீமெந்து அடிப்படைப் புட்டி, எமல்ஷன். கீழ்வீட்டில் தொங்கிய இரண்டு ஜிப்சம் பலகைகள் மாற்றப்பட்டன. மஞ்சள் வளையத்தின்மேல் நேரே எமல்ஷன் அடித்தால் எத்தனை கோட் அடித்தாலும் கறை ஊறி வரும். எண்ணெய் அடிப்படைக் கறைத்தடுப்புப் பிரைமர் ஒரு கோட் முதலில். அந்தச் செலவை மேல்வீடு ஏற்றது. கட்டடத்தின் பொதுக் குழாய்க்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பொறுப்பு. அங்கிள் வால்வைத் தாண்டிய ஹோஸ் அந்தந்த வீட்டுக்காரருடையது என்பதே வழமையான பிரிப்பு. காப்புறுதிக்காக வெடித்த ஹோஸ், வாளி அளவின் குறிப்பு, முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு பையில் இருந்தன. பல ஒப்பந்தங்கள் திடீர் வெடிப்பை ஏற்கும், மாதக்கணக்கான கசிவை ஏற்காது. ஹோஸைக் குப்பையில் போட்டுவிட்டால் எது நடந்தது என்று காட்ட எதுவும் இல்லை.

புதிய கீழ்ப்பெட்டிகள் மரைன் பிளைவுட்டில், 15 சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் கால்களின்மேல், அடிப்பலகை கிளிப்பில் மாட்டிக் கழற்றும்படி. முன் அறையில் லெமினேட் திரும்பப் போடவில்லை, டைல். இரண்டு ஹோஸும் புதிது. நட்டின்மேல் மார்க்கரால் மாதமும் ஆண்டும் எழுதப்பட்டது, ஐந்து வருடத்தில் மாற்ற. ப்ளீச் போத்தல் இப்போது பல்கனியில்.